வட்டம் சுத்தமாக வந்த மெஷின்

அந்த வட்டத்தை வரைந்தது தான்தானா என்று கிரிதருக்கு இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுப் படத்தில் நான்கு வெளிச்சுவர், உள்ளே மூன்று தடுப்பு, ஆறு கதவு, ஒன்பது ஜன்னல். இவற்றை வரைந்தது நினைவிருக்கிறது. மனைவி மானசா மேசைமேல் வைத்துவிட்டுப் போன காப்பி ஆடை படிந்து ஆறிப்போனதுகூட நினைவிருக்கிறது. வட்டம் மட்டும் இல்லை. நினைவில் இல்லாததால் அது நடக்கவில்லை என்றாகிவிடுமா?

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. செங்கல்பட்டில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மீதி நேரத்தில் மரப்பலகையில் சின்னச் சின்னக் கட்டடங்கள் செய்வான். மகள் மேக்னாவின் ஆறாவது பிறந்தநாளுக்கு அவர்கள் குடியிருக்கும் வீட்டையே பொம்மை வீடாகச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தான். ஐம்பதில் ஒரு பங்கு அளவு. கையால் அறுத்தால் விளிம்பு பிசிறடித்தது. கணினி சொன்னபடி வெட்டும் சிறிய சி.என்.சி. மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றியது. எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான்: ஒரே படத்தை ஒவ்வொரு மெஷினிலும் வெட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு அளவும் மனப்பாடமாகத் தெரிந்த படம் என்பதால் தன் வீட்டின் தரைப்படத்தையே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனான்.

முதலில் பார்த்தது ரயில் நிலையத்துக்குப் பின்னால், வரதன் என்பவரின் தகரக் கொட்டகையில். பழைய பிரிண்டர்களைப் பிரித்து அவரே கட்டிய மெஷின். சுவர்கள் ஒழுங்காக வந்தன. கடைசிச் சுவர் முடிந்ததும் நின்றிருக்க வேண்டிய பிட், அதாவது சுழன்று வெட்டும் முனை, மெதுவாக நகர்ந்து மேக்னாவின் அறைக்கு மேல் போய் இறங்கியது. எட்டு மில்லிமீட்டரில் ஒரு வட்டப் பள்ளம்.

"இதை நான் வரையலையே" என்றான் கிரிதர்.

"நீதான் போட்டுகினு வந்திருப்ப சார். ஸ்க்ரூல ஆட்டம் கீதான்னு பாக்க எல்லாரும் ஒரு ரவுண்டு போடுவாங்க. ஆட்டம் இருந்தா முட்ட மாதிரி வந்துடும்."

முட்டை மாதிரிதான் வந்திருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தான். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டரைக்கு மேல். இந்த மெஷின் வேண்டாம் என்று முடிவு செய்தான். வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தான். வட்டம் இல்லை. வரதன் கணினியில் முன்பே யாரோ விட்டுவைத்தது கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மானசா சொன்னாள்: "மேக்னா ரூம்ல ஏதோ சேத்து வாசனை வர்றது கிரி. எலி கிலி செத்துக் கெடக்கான்னு பாரேன்."

கட்டிலை நகர்த்திப் பார்த்தான். எலி இல்லை. சிமெண்டுத் தரை துடைத்ததுபோல் இருந்தது. ஒரு முழ அகலத்துக்கு மட்டும், வெறுங்காலில் தெரிகிற ஒரு குளிர்ச்சி.

அடுத்த வாரம் மாமல்லபுரம் போனான். பெஞ்சமின் என்பவர் பெயர்ப்பலகை வெட்டிக்கொண்டிருந்த சிறிய மெஷினை விற்றுவிட்டுப் பெரியது வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தான். பக்கத்துப் பட்டறைகளில் கல்லில் உளி விழும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கடல் காற்றில் கல்தூள் வாடை. வெட்டுவதற்கு முன் அவர் கணினியிலேயே படத்தைத் திறந்து இருவரும் பார்த்தார்கள். சுவர்கள். கதவுகள். ஜன்னல்கள். வேறெதுவும் இல்லை.

மெஷின் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மேக்னாவின் அறைக்கு மேல் போய் நின்றது. இறங்கியது. இந்த முறை சத்தம் கனத்திருந்தது. பள்ளத்திலிருந்து வெளியே வந்த தூள் மரத்தின் நிறத்தில் இல்லை. கறுப்பாக, உருண்டு உருண்டு, பலகையில் ஒட்டிக்கொண்டது.

"இன்னா சார், தண்ணில ஊறப்போட்ட பலகையா எடுத்தாந்த?" பெஞ்சமின் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சேறு சார் இது. உன் வூட்ல கெணறு கீதா?"

"இல்ல. குழாய்த் தண்ணிதான்."

"அப்போ இன்னாத்துக்கு இங்க தோண்டுது?"

கிரிதர் வெர்னியரை எடுத்து அளந்துகொண்டிருந்தான். குறுக்கே பதினாறு. நெடுக்கே பதினாறு. மூலைவாட்டத்திலும் பதினாறு. ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. விளிம்பில் விரலை ஓட்டினால் கண்ணாடி. இவ்வளவு சுத்தமான வட்டத்தை அவன் பார்த்ததே இல்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை அவன் மறந்தான். இதை மட்டும் மறக்காமல் சொல்வான்: அந்த நிமிடம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இதையே எடுத்துக்கறேன்" என்றான்.

பெஞ்சமின் மெஷினைக் கட்டிக் கொடுத்தார். பலகையை மட்டும் தொடவில்லை. "அத நீயே எடுத்துக்கோ சார்."

சனிக்கிழமை பகல். மெஷினைக் கூடத்து மேசையில் வைத்து, மேசை வெட்டுப்படாமல் இருக்க அடியில் ஒரு வீண் பலகை போட்டு, அதன்மேல் பொம்மை வீட்டுக்கான பதினெட்டு மில்லிமீட்டர் கனப் பலகையை இறுக்கினான். மேக்னா தன் அறை வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவன் சொல்லிக்கொடுத்த, முயல் காதுபோல் இரண்டு வளையம் வரும் முடிச்சு.

"அப்பா, இன்னிக்கும் ஒரு காது பெரிசாயிடுத்து."

"அதனால என்ன? உன் முயலுக்கு அப்படித்தான் காது."

"பெரிய காதாலதான் கேக்கறது அதுக்கு." லேஸை மறுபடி அவிழ்த்தாள். "அப்பா, கட்டிலுக்கடியில யாரோ தட்றா."

"மெஷின் சத்தம்டா கண்ணா. போய்ப் படுத்துக்கோ."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷினை இன்னும் ஓட்டவே இல்லை என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

மானசா மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். வெயில். தெருவில் யாருமில்லை. மெஷின் சுவர்களை வெட்டியது; கதவுகளை வெட்டியது; மரத்தூளின் இனிப்பு வாடை கூடமெங்கும் பரவியது. பிறகு பிட் அந்த அறைக்கு மேல் போனது. இறங்கியது. பெரிய வட்டம். இருபத்துநான்கு இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தான். கறுப்புத் தூள். சேற்று வாடை. நிறுத்த வேண்டும் என்று கை நீண்டது. விளிம்பு அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. கை நின்றது.

சரியாக இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. அந்த மாதங்களில் தினமும் போகும்.

பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்றது. திரை அணைந்தது. மின்விசிறி ஓய்ந்தது.

அரைக்கும் சத்தம் நிற்கவில்லை.

உள்ளேயிருந்து வந்தது. தரைக்குக் கீழிருந்து. அதே வேகம். அதே கனம். மூடியிருந்த கதவின் அடியில் கறுப்பாக ஏதோ கசிந்தது.

"மேக்னா."

சத்தம் நின்றது.

கதவைத் திறந்தான். ஜன்னல் வெயில் தரையில் விழுந்திருந்தது. கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் வட்டம். பிசிறில்லாத விளிம்பு. ஓரத்தில் ஒரு ஷூ, லேஸ் இல்லாமல். மானசா படியிறங்கி வந்து அலறியபோது அவன் மண்டியிட்டுக் குனிந்திருந்தான். கையில் அளக்கும் டேப் இருந்தது. குறுக்கே நூற்றிருபது சென்டிமீட்டர். நெடுக்கே நூற்றிருபது. இருபத்துநான்கு மில்லிமீட்டரின் ஐம்பது மடங்கு.

தீயணைப்புக்காரர்கள் குழிக்குள் இறங்கினார்கள். பத்தடியில் பாறை வந்துவிட்டது. கட்டிலும் இல்லை, குழந்தையும் இல்லை. மேக்னா கிடைக்கவில்லை. மானசா நாவலூரில் தங்கை வீட்டில் இருக்கிறாள், அவனோடு பேசுவதில்லை. பெஞ்சமின் ஒருமுறை வந்து, வாசலிலேயே நின்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். கிரிதர் வேலையை விட்டுவிட்டு அதே வீட்டில் இருக்கிறான். தரைக் குழியை மூடிச் சிமெண்டு பூசியாகிவிட்டது.

பொம்மை வீட்டின் பலகை இன்னும் மேசைமேல் இருக்கிறது. அடியில் போட்டிருந்த வீண் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் பதினெட்டு மில்லிமீட்டர் கனமே உள்ள பலகையின் துளைக்குள் அவன் விடும் நூல் போய்க்கொண்டே இருக்கிறது. தினமும் ஒரு கண்டு நூலை விட்டுவிட்டு, காத்திருந்து, இழுத்துச் சுற்றுகிறான்.

நேற்று நூல் ஈரமாக வந்தது. அதன் நுனியில் ஒரு ஷூ லேஸ் கட்டியிருந்தது. முடிச்சில் ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது.