கொக்கியின் பிடி

அந்தக் கிரேனுக்குப் புது ஆள் வந்த அன்று நல்ல வெயில். கட்டடம் பாதி எழும்பி நின்றது. முன்பு ஓட்டியவர் மேலே கூண்டிலேயே நெஞ்சுவலி வந்து செத்துப்போனார் என்று கலவை போடும் அக்கா காதோடு சொன்னாள். இறங்கிக்கொள்கிறேன் என்று அவர் எவ்வளவோ கெஞ்சினாராம். கான்கிரீட் போட்டு முடித்துவிட்டு இறங்கு என்று மேஸ்திரி விடவில்லையாம்.

புது ஆள் ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தான். வலிக்குத் தடவும் தைல வாடை இன்னும் அடித்தது.

பல வருஷம் கிரேன் ஓட்டிய கை அவனுடையது. கிரேனை ஆட்டும் பிடியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும், இடையில் இருக்கும் இரும்பெல்லாம் மறந்துபோகும். தூரத்தில் தொங்கும் கொக்கியே அவன் விரலாகிவிடும். அதன்மேல் காற்று பட்டால் இவனுக்குச் சிலிர்க்கும். வேலை நேரத்தில் என் புத்தி தலையில் இருக்காது, கொக்கியில்தான் இருக்கும் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான்.

இன்று பிடியைத் தொட்டதுமே விரல் அங்கே இருந்தது.

அது இவன் விரல் இல்லை.

கம்பிக் கட்டு ஒன்றை இறக்கப் போனான். கொக்கி மேஸ்திரி நின்ற பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்தான். மறுபடியும் திரும்பியது. கை வழியாக ஒரு ஆத்திரம் ஏறி நெஞ்சை அடைத்தது. மேஸ்திரியை இன்றுதான் பார்க்கிறான். ஆனாலும் அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

இயந்திரத்தை அணைத்தான்.

கொக்கி நின்றது. ஆத்திரம் நிற்கவில்லை.

தட்டுத்தடுமாறி இறங்கி வந்து மேஸ்திரியிடம் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, அதுக்குக் கீழ நிக்காதீங்க. அவர் இன்னும் இறங்கல."

"செத்தவனுக்குக் கிரேன் ஓட்ட ஏதுப்பா மூளை?"

"மூளை வேணாம்ணே. பிடி போதும்."

மேஸ்திரி சிரித்துவிட்டு, நானே ஏறி ஓட்டிக்காட்டுகிறேன், பிறகு அதுக்குக் கீழேயே நின்றும் காட்டுகிறேன் என்றார். இவன் கூலிக் கணக்குக்கூட முடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

மனைவி தண்ணீர் கொடுத்தாள். வாங்கப்போன வலது கை பாதியில் நின்றது. மூடிய வீட்டுக்குள் விரலில் காற்று பட்டது. உயரத்துக் காற்று.

பிறகு, கழுத்துப் பருமனில் கனமாக ஏதோ.

வெதுவெதுப்பாக இருந்தது. துடித்தது.

அடங்கியது.

"என்னங்க, ஏன் விரலை இப்படி மடக்கி வச்சிருக்கீங்க?" என்று அவள் இரண்டு கையாலும் பிரிக்கப் பார்த்தாள். அவனும் பிரிக்கப் பார்த்தான். விரல்கள் நிமிரவில்லை.

வெறுங்கைக்குள் அந்தக் கனம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.