சீமோன் கொடுத்த விருந்து

வந்தவர் கமலாம்பிகையின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் இரண்டு தடவை திரும்பி வீதியைப் பார்த்தார். 1987ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வியாழன் மாலை. ஸ்காபரோவின் அந்தக் குறுக்குத் தெருவில் பனிக்குவியல்களையும் அவற்றுக்குள் புதைந்து நின்ற கார்களையும் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் கதவைத் தானே சாத்தி, பூட்டு விழும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

பெயர் வீரக்குட்டி என்றார். ஊர் மட்டக்களப்புப் பக்கம். கனடாவுக்கு வந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல். மில்லிக்கனில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு பாண், ரொட்டி சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. மனைவி ஊரில்.

"பொலிசுக்குப் போக ஏலாது அக்கா. ஒருத்தர் எனக்குச் சாப்பாடு வாங்கித் தந்தார், அதால எனக்குப் பயமா இருக்கு எண்டு எப்பிடிப் போய்ச் சொல்லுற?"

கமலாம்பிகை சிரிக்கவில்லை. மிசிசாகாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், விபத்தில் காயப்பட்டோம் என்று வருகிறவர்களில் யார் மெய் சொல்கிறார், யார் நடிக்கிறார் என்று விசாரிப்பது அவர் வேலை. அதனால், வெளியே சொல்ல முடியாத சிக்கல்களோடு தமிழர்கள் அவரைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். அதே கம்பனியில் தட்டச்சு செய்யும் றீற்றா அவருடைய மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். அப்படி யாராவது வந்தால் அவள்தான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

வீரக்குட்டி தேநீரைக் கையில் வாங்கியபடி சொல்லத் தொடங்கினார். போன மாதம் வெலஸ்லி வீதித் தமிழ்க் கடையில் ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். பெயர் சீமோன், ஊர் யாழ்ப்பாணம், ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் என்றார். நல்ல வேலை ஒன்று எடுத்துத் தருவதாகச் சொல்லி, வீட்டு விலாசத்தையும் போன் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டார். அதைப் பற்றிப் பேசவென்று போன சனிக்கிழமை நகரின் நடுவிலுள்ள பழைய, பெரிய ஸ்டேக் ஹவுஸ் ஒன்றுக்கு, மாட்டிறைச்சிக்குப் பேர்போன உணவகத்துக்கு, கூட்டிப்போனார்.

"கடையில சந்திச்ச நேரம் உங்கட கையில கையுறை இருந்ததோ?" என்று இடையில் கேட்டார் கமலாம்பிகை.

வீரக்குட்டி யோசித்தார். இருந்தது என்றார். அன்று கடுங்குளிர்.

பிறகு அந்த உணவகத்தை விவரித்தார். கறுத்த மரச் சுவர்கள், ஆளை மறைக்கும் உயரமான சிவப்புத் தோல் இருக்கைகள், சத்தமின்றி வந்து போகும் பரிசாரகர்கள். பக்கத்து மேசையில் வெட்டிய இறைச்சியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. தான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று வீரக்குட்டி சொன்னார். சீமோனுக்கு அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. மீன் போதும் என்றதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. எலும்போடு ஆட்டிறைச்சித் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். தனக்கு வெறும் சூப். வீரக்குட்டி எலும்பை வலது கையால் எடுத்தபோது, ஆட்கள் பார்க்கிறார்கள், கத்தியும் முள்ளுக்கரண்டியும் பாவியுங்கள் என்று மெல்லச் சொல்லிவிட்டு, மேசை விளக்கை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"ரெண்டு துண்டு வெட்டியிருப்பன். அந்தாள்ட முகம் சாம்பலாப் போயிட்டு. வேலையைப் பற்றி ஒரு கதையும் இல்ல. நான் சாப்பிட்டு முடிக்கவும் இல்ல, காசைக் குடுத்திட்டு எழும்பிட்டார்."

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அவர் தயங்கினார். கடைசியில் தன் பையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து மேசையில் வைத்தார். அரிசி வரும் சணல் சாக்கு. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், கண் அளவுக்கு, கத்தரியால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தன. திங்கட்கிழமை வேலையால் வந்தபோது அறைக் கதவில் தொங்கியதாம்.

றீற்றா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஊரில் இராணுவம் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்தும் நாளில், தலையில் இப்படியொரு சாக்கைக் கவிழ்த்து ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை ட்ரக்கில் ஏற்றுவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். ஏற்றப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

"சீமோன் நேற்று போன் எடுத்தார்," என்றார் வீரக்குட்டி. "சனிக்கிழமை ஆறு மணிக்கு அதே இடத்துக்கு வாங்கோ, ஒருக்கா வந்தாப் போதும், மறுகா உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன் எண்டார்."

"மறுகா எண்டால்?" என்று கேட்டாள் றீற்றா.

"பிறகு எண்டு அர்த்தம்," என்றார் அவர், இதைக்கூடத் தெரியாதா என்பதுபோல.

கமலாம்பிகை அவர் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விரலான சின்னிவிரலின் நுனி இல்லை. தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. கேட்டபோது, பாண் வெட்டும் மெசினில் போன கோடையில் போனது என்றார் வீரக்குட்டி. வழக்குக்கு ஏதும் கெடுதல் வருமோ என்று பயந்து ஒருவருக்கும் முறையிடவில்லை. அன்றிலிருந்து கையை மறைத்தே பழகிவிட்டார்.

"நேரா ஒண்டு கேக்கிறன். அந்தச் சாக்குக்குள்ள எப்பவாவது உங்கட தலை இருந்ததோ?"

"இல்ல அக்கா," என்றார் அவர். சொல்லிவிட்டு அழுதார்.

மெலிந்து கறுத்துப் போயிருக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள் றீற்றா. வந்த புதிதில் தான் இப்படி இருக்கவில்லை என்று அவர் பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். மனைவிக்கு அனுப்பிய படத்தின் இன்னொரு பிரதி. முதல் பனி கொட்டிய நாளில் வெறுங்கைகள் இரண்டிலும் பனியை அள்ளி ஏந்திக்கொண்டு, குளிரில் பல்லைக் காட்டிச் சிரித்தபடி நின்றார். கமலாம்பிகை அதைச் சன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சனிக்கிழமை வரை தன்னிடம் இருக்கட்டும் என்றார். மொன்றியலுக்கு ஓடிவிடலாமா என்று வீரக்குட்டி கேட்டதற்கு, ஓடினால் நீங்கள்தான் அந்தத் தலையாட்டி என்று அந்த ஆள் முடிவே கட்டிவிடுவார் என்று சொன்னார்.

சனிக்கிழமை அவர்கள் நேரத்துக்கே புறப்பட்டார்கள். றீற்றா கார் ஓட்டினாள். பின் இருக்கையில் வீரக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் மெய் சொல்கிறார் என்று எப்படித் தெரியும் என்று றீற்றா தாழ்ந்த குரலில் கேட்டாள். கமலாம்பிகை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. கம்பனி மனேஜர் ஒருமுறை நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோரையும் அந்த ஸ்டேக் ஹவுசுக்குக் கூட்டிப்போனதைச் சொன்னார். இறைச்சி நல்லதுதான், வெண்ணெய்போல வெட்டுப்படும். ஆனால் அந்த விலை இறைச்சிக்கு இல்லை. பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாத இருட்டுக்கும், பேசுவது கேளாத உயரமான இருக்கைக்கும்தான் அந்தக் காசு.

"அது பெறுமதியோ அக்கா?"

"எனக்கு இல்லை. ஆனா ஒரு தமிழ்ச்சனமும் கண்ணில படாத இடம் தேவைப்படுகிற ஆளுக்கு அது மலிவு."

அவர்கள் போனபோது சீமோன் ஏற்கனவே மூலை மேசையில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சேட், சப்பாத்தில் பனியுருக்க வீதியில் தூவும் உப்பின் வெள்ளைக் கறை. வீரக்குட்டியோடு இரண்டு பெண்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். கமலாம்பிகை அவருக்கு எதிரே அமர்ந்து, தன்னை அறிமுகப்படுத்தி, பத்து நிமிடம் கேட்டால் போதும் என்றார். றீற்றா வீரக்குட்டியைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

சீமோனின் முன்னால் இந்த முறை பெரிய ஸ்டேக் ஒன்று இருந்தது. தொடப்படவில்லை. தட்டின் இடப்பக்கம் முள்ளுக்கரண்டி கிடந்தது. வலப்பக்கம் வெறுமை.

"உங்கட கத்தி மடியில இருக்குது," என்றார் கமலாம்பிகை, உப்பைக் கேட்பதுபோல. "மேசையில வையுங்கோ. பிறகு கதைப்பம்."

பக்கத்து மேசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பரிசாரகர் ஒருவர் அருகால் கடந்து போனார். சீமோனின் கை மேசைக்குக் கீழே அசையாமல் இருந்தது. பிறகு அது மேலே வந்தது. பல் வைத்த நீளக் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாலும் அதன் பிடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நீங்கள் யாழ்ப்பாணம் இல்லை," என்று தொடங்கினார் கமலாம்பிகை. "போனில மறுகா எண்டு சொன்னீங்கள். எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில அந்தச் சொல் இல்லை, மட்டக்களப்பிலதான் இருக்குது. இவருக்கு அது சொந்தச் சொல், அதால காதில தட்டுப்படேல்லை. இவருக்குத் தெரியக்கூடாது எண்டு நீங்கள் உங்கட ஊரையே மறைச்சிருக்கிறீங்கள். பேரும் சீமோனா இருக்காது."

சீமோன் வீரக்குட்டியைப் பார்த்தார்.

"எனக்கு விளங்காமல் இருந்தது இந்த ஸ்டேக் ஹவுஸ்தான். வேலை கதைக்க ஒரு கோப்பிக் கடை போதும். மாட்டிறைச்சி வேண்டாம் எண்டதுக்கு நீங்கள் சரி எண்டீங்கள். மீனுக்கு மட்டும் மாட்டன் எண்டீங்கள், ஏனெண்டால் மீனை முள்ளுக்கரண்டியால மட்டும் சாப்பிடலாம். எலும்பைக் கையில எடுத்தவுடன கத்தியைப் பாவிக்கச் சொன்னீங்கள். விளக்கைத் தள்ளி வைச்சீங்கள். எங்கட சனம் சாப்பிடேக்குள்ள இடது கை மடியில கிடக்கும், வெளியில போனால் கையுறைக்குள்ள. அந்த இடது கையை வெளிச்சத்தில, மேசைக்கு மேல, நிண்டு நிதானமாப் பார்க்கவேணும் உங்களுக்கு. அதுக்குத்தான் இந்த விருந்து."

சீமோன் பேசியபோது யாழ்ப்பாணக் குரல் கழன்று போயிருந்தது.

"என்ட பேர் மாமாங்கம். நானும் அந்த வரிசையில நிண்டன். சாக்கு காத்துக்குப் பறக்காம அவன் கழுத்தடியில இடது கையால பிடிச்சிருந்தான். சின்னிவிரல் நுனி இல்ல. முகத்தைக் காணல்ல, அந்தக் கையைத்தான் கண்டன். என்ட தம்பி வரக்குள்ள அவன் தலையாட்டினான். தம்பிக்குப் பத்தொன்பது வயசு." அவர் வீரக்குட்டியைப் பார்த்தார். "விரல் இல்லாத ஒருத்தன் எங்கட ஊர்ப் பக்கத்தால இஞ்ச வந்திருக்கிறான், கையை ஒளிச்சுக்கொண்டு திரியிறான் எண்டு சொன்னாங்க. ஏன் ஆட்டினாய் எண்டு கேக்கத்தான் இண்டைக்கு வந்தன். அதைச் சொல்லாம இவன் எழும்பிப் போகப்படாது."

கத்தியின் பிடியில் அவர் விரல்கள் வெளுத்தன.

கமலாம்பிகை அந்தப் படத்தைத் தட்டுக்கும் கத்திக்கும் இடையில் வைத்து, விளக்கைக் கிட்ட நகர்த்தினார்.

"எண்ணிப் பாருங்கோ."

மாமாங்கம் குனிந்தார். பனியை ஏந்திய இரண்டு கைகள். குளிரில் சிவந்து விரிந்த விரல்கள். இடது கையின் சின்னிவிரல், நகத்தோடு, முழுதாக.

"பனி எங்கட நாட்டில கொட்டாது," என்றார் கமலாம்பிகை. "இவர் இஞ்ச வந்து இறங்கினபோது பத்து விரலும் இருந்தது. நீங்கள் அந்தக் கையைக் கண்டது அதுக்கு முன்னம், ஊரில. இவரிட விரல் போனது போன கோடையில, பாண் மெசினில. வெட்டுப்பட்ட விரல் ஒருக்காலும் முளைக்காது. நீங்கள் தேடுகிற ஆள் இவர் இல்லை."

மாமாங்கம் படத்தை வெகுநேரம் பார்த்தார். வீரக்குட்டி தானாகவே இடது கையை எடுத்து விளக்கடியில் வைத்தார். மாமாங்கம் இளம் தழும்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியை விட்டுவிட்டு இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பரிசாரகர் வந்து சாப்பாடு திருப்தியா என்று கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள் றீற்றா. தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பரிசாரகர் போனபின், தன்னிடம் வியாபாரம் ஒன்றும் இல்லை, ஒரு கார் தரிப்பிடத்தில் சீட்டுக் கிழிப்பவன், இந்த மேசைக்காகக் குளிர்காலம் முழுவதும் காசு சேர்த்தவன் என்று மாமாங்கம் கைகளுக்குள் இருந்தே சொன்னார். "நீங்க வராட்டி நான் இண்டைக்கு என்ன செய்திருப்பன்? எனக்கே தெரியா."

உண்மையான தலையாட்டி எங்கேயோ இருக்கிறான், இந்த நகரத்திலேயே இருக்கவும் கூடும் என்று றீற்றா நினைத்தாள். கமலாம்பிகையும் அதையேதான் நினைத்தார் என்பது அவர் படத்தை, இன்னும் தேவைப்படும் சாட்சியைப் போல, மடிக்காமல் பத்திரமாக எடுத்த விதத்தில் தெரிந்தது.

போகலாம் என்று கமலாம்பிகை எழுந்தார். வீரக்குட்டி எழும்பவில்லை.

"நானும் ஒரு வரிசையில நிண்டன்," என்றார் அவர் மாமாங்கத்தைப் பார்த்து. "வேற ஊர், வேற நாள். எனக்குத் தலை ஆட்டல்ல. எனக்குப் பின்னால நிண்டவனுக்கு ஆட்டினான். ஏன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா."

மாமாங்கம் முகத்திலிருந்து கைகளை எடுத்தார்.

"தம்பிட பேர் என்ன?" என்று கேட்டார் வீரக்குட்டி.

கனடாவுக்கு வந்தபின் அதை ஒருவரும் மாமாங்கத்திடம் கேட்டதில்லை.

"சீனித்தம்பி," என்றார்.