ராகி மூட்டையின் அடியில்

சுவருக்குள் எலி சுரண்டினாலே ரஷ்மி விழித்துக்கொள்வாள். பத்து மாதக் குழந்தை, அவ்வளவு லேசான தூக்கம். மத்தியானம் ராகிக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரமாகியும் எழவில்லை. சுவரிலோ கறகறவென்று சத்தம் ஓயவே இல்லை. நல்லா தூங்கட்டும் என்று முதலில் அம்மா ஷோபாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாலகாட் பகுதியில் தங்கச் சுரங்கக்காரர்களுக்காகக் கட்டிய லைன் வீடு அது. மூங்கில் தட்டியில் மண்ணைப் பூசிய ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே. அந்த வீட்டு எலி, இந்த வீட்டு எலி என்று பிரிக்க முடியுமா? பாழாய்ப்போனவை போன வாரம் ராகி மூட்டையைக் கடித்துவிட்டன. புழுக்கை கிடந்த மேல் ராகியை மட்டும் அள்ளிக் குப்பையில் கொட்டினாள். மிச்சத்தைக் கொட்ட மனசு வரவில்லை. குழந்தைக்கென்று அவளே முளைகட்டி, வெயிலில் காயவைத்தது. கொதிக்கிற கஞ்சியில் எந்தக் கிருமி பிழைக்கும்? இன்று காலை மூட்டையை அப்படியே மில்லில் கவிழ்த்து அரைத்துவந்தாள். மத்தியானக் கஞ்சி கொஞ்சம் கறுத்திருந்ததைப் புது மாவின் நிறம் என்று நினைத்தாள்.

கரண்ட் போனது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மெழுகுவத்தி கேட்டு வந்து நின்றாள்.

"இன்னா ஷோபா, உங்க வீட்ல எலி ஏதாவது செத்துக் கெடக்குதா?"

"இல்லயேக்கா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"சுவரோரமா மருந்து வெச்சிருக்கேன்மா. நீலக் கலர் கோதுமை. டெய்லி தட்டு காலியாவுது, ஒண்ணு கூட சாவல. எங்கதான் தூக்கினு போவுதுங்களோ!"

குழந்தை தவழுகிற வீடென்று மருந்தே வாங்காதவள் ஷோபா. சமையலறைக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னால் காலி மூட்டை தொங்கியது. செல்போன் வெளிச்சத்தில் அதை உதறினாள். தையல் மடிப்பிலிருந்து ஏதோ உதிர்ந்தது.

கோதுமை. நீலக் கோதுமை.

மாவு டின்னைத் திறந்தாள். ஒரு பிடி மாவு, நாலு சொட்டுத் தண்ணீர். பழுப்பு மாவில் நீலம் ஊறிப் பரவியது.

"ஐயோ... ரஷ்மி! கண்ணு!"

தூக்கினாள். தலை தோளில் துவண்டு சாய்ந்தது. உலுக்கினாள். கூப்பிட்டாள். வெளிச்சத்தை முகத்தருகே கொண்டுபோனாள்.

உதட்டோரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. நீலமாக.

சுவருக்குள் எலிகள் சுரண்டிக்கொண்டே இருந்தன. ரஷ்மி விழிக்கவில்லை.