வெட்டி எடுத்த கால்கள்

அறைக்குள் கடல் வாடை அடித்தது. கடற்கரையை ஒட்டிய கட்டிடத்தில் இதென்ன அதிசயம் என்று வெளியாட்கள் கேட்கலாம். ஆனால் கடல் பிராணிகளின் மாதிரிகளைப் பூட்டி வைத்திருந்த அந்த ஜன்னலில்லாத அறைக்கு எந்தக் காலத்திலும் ஒரே வாடைதான், மூக்கைக் கூச வைக்கும் ஆல்கஹால் வாடை. ஜாடிக்குள் போகிற பிராணி எதுவானாலும் கடலைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் போகும். நெல்சி பெர்த்தூஸ் கதவில் கை வைத்தபடி இன்னொரு முறை மோந்து பார்த்தாள். ஈர மணல், அழுகிய பாசி, அதற்கும் அடியில் உயிருள்ள எதற்கோ உரிய கவிச்சி. எங்காவது குழாய் கசிகிறது போலிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கார்னிவல் திருவிழாவின் சனிக்கிழமை மத்தியானம். மொத்த ஊரும் தெருவில் கிடந்தது. பல்கலைக்கழகத்தின் இந்தக் கோடியில் இருந்தது அவளும் காவல்காரர் ஏதெரும் மட்டுமே. அவள் வந்தபோது அவர் கட்டிட வாசலில் நாற்காலி போட்டு, மரவள்ளிக் கொழுக்கட்டையைப் பாலாடைக்கட்டியோடு தின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்குப் போயி யாராவது வேலைக்கு வருவாங்களா டாக்டரம்மா? உங்க புழுவெல்லாம் எங்க ஓடிடப் போகுது?" என்றவர், கை நிறையச் சோள மாவை அள்ளி அவள் தலையில் கொட்டினார். அன்றைக்கு மாவு படாமல் யாரும் தெருவில் நடக்க முடியாது, அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

"ஒரே ஒரு ஜாடியப் பாத்துட்டுப் போயிடறேன், ஏதெர்."

"பாருங்க, பாருங்க. எதுனா வேணும்னா ஒரு குரல் குடுங்க, ஓடி வந்துடறேன்."

அங்கிருந்து நடையில் வரும்போது அம்மா கைப்பேசியில் கூப்பிட்டாள். "எங்கடீ போய்த் தொலைஞ்ச? புள்ளைங்கல்லாம் வேஷம் கட்டிக்கிட்டு உனக்காக நிக்குதுங்க."

"காலேஜ்ல சின்ன வேலைம்மா."

"என் புழுவப் பாக்கத்தானே போயிருக்க?" அம்மாவின் குரலில் சிரிப்பு பொங்கியது. "நல்லாருக்கா அது? மீன்கார லூஸ் நேத்துக் கேட்டா, ஒம் பேர்ல ஒரு புழு இருக்காமே தொமிங்கான்னு. ஆமாடி, நான் செத்தப்புறமும் அது இருக்கும், உன் பேர்ல என்ன இருக்குன்னு கேட்டேன்."

நெல்சிக்குக் காதுமடல் வரை சுட்டது. "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டாள்.

அந்தப் புழு ஒரு பொய். இறால் வலையில் வந்த அந்தப் பிராணியை முதன்முதலில் தட்டில் கிடத்தியபோது அவளுக்கு மூச்சே நின்றது. உடல் முழுக்க வளையம் வளையமாக இருந்தது, வளையத்துக்கு இரண்டு பக்கமும் மயிர் முட்கள் இருந்தன. சந்தேகமில்லாமல் வளைதசைப் புழு. ஆனால் தலைக்குக் கீழே நண்டுக்கு இருப்பதைப் போல ஓடு போர்த்திய, கணுக் கணுவாக மடங்குகிற ஒரு ஜோடி கால்களும் இருந்தன. பிராணிகளை வகைப்படுத்துகிறவர்களுக்கென்று ஒரு கேள்வி வரிசை உண்டு. முதுகெலும்பு உண்டா, இல்லையா. உடல் வளையங்களாக இருக்கிறதா, இல்லையா. கால்களில் கணு உண்டா, இல்லையா. ஒவ்வொரு பதிலும் ஒரு வாசலைத் திறந்து இன்னொன்றைச் சாத்தும். இந்தப் பிராணி எல்லா வாசலிலும் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது.

வேறொருத்தியாக இருந்தால் கூத்தாடியிருப்பாள். நெல்சிக்கோ ஓஸ்வால்தோவின் நினைப்புதான் வந்தது. அவள் பக்கத்து மேஜைக்காரன். எந்தக் கூட்டத்திலும் சேராத புதுப் பிராணி என்று ஒன்றைக் கருத்தரங்கில் கொண்டுபோய்க் காட்டினான். பார்த்தால் அது ஒரு நண்டைப் பாதி விழுங்கிய நிலையில் செத்துப்போன சாதாரணப் புழு. அன்றிலிருந்து 'ரெண்டு தலை ஓஸ்வால்தோ' என்று கான்டீன் பையன்கள் வரைக்கும் கூப்பிட்டார்கள். அவன் தாங்காமல் பொகோட்டாவுக்கே ஓடிவிட்டான். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நெல்சிதான்.

ஆகவே கத்தரியை எடுத்தாள். கை ஒரு கணம் தயங்கியது. பிறகு இடது கால், வலது கால். இரண்டையும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்து விட்டாள். மீதியைப் புதுப் புழு என்று அறிவித்து, அம்மாவின் பெயரை வைத்தாள். கைதட்டினார்கள், பதவி உயர்வும் கொடுத்தார்கள். அம்மா கேக் வெட்டினாள்.

இப்போது பிரேசிலிலிருந்து ஒரு பெண் நிபுணர் வருகிறாள். கார்னிவல் முடிந்த கையோடு அந்த மாதிரியின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கப் போகிறாள். வெட்டுத் தழும்பு இருக்கும். அதைச் சுரண்டி, வலையில் அறுபட்ட காயம் மாதிரி ஆக்கிவிட வேண்டும். அதே கத்தரியைத்தான் பையில் கொண்டு வந்திருந்தாள். இதற்கு முந்தைய பாவத்தையாவது பயத்தில் செய்தாள் என்று சொல்லலாம். இதை யோசித்து, நாள் பார்த்துச் செய்கிறாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

அலமாரிகள் பிராணிகளின் வரிசைப்படி நின்றன. கதவை ஒட்டித் துளையுடலிகள், வாயும் வயிறும் இல்லாமல் வெறும் துளைகளால் கடலைக் குடித்து வாழ்ந்தவை. அடுத்து ஜெல்லி மீன்களும் பவளங்களுமாகக் குழியுடலிகள், தின்பதற்கும் கழிப்பதற்கும் ஒரே வாயை வைத்துக்கொண்டவை. பிறகு இடம் வலம் என்று முதன்முதலில் பிரிந்த தட்டைப்புழுக்கள், உருளைப்புழுக்கள், ஓட்டுக்குள் சதையைச் சுருட்டி வைத்த மெல்லுடலிகள். எலும்பென்று ஒன்று யாரிடமும் இல்லை. வெளிறிப்போன உடல்கள் கண்ணாடிக்குள் தொங்கின. அவள் நடக்க நடக்கத் தலையிலிருந்து சோள மாவு தரையில் உதிர்ந்துகொண்டே வந்தது. தூரத்தில் முரசு அதிர்ந்தபோதெல்லாம் ஜாடிகளின் திரவம் மெல்ல நடுங்கியது. கடல் வாடை உள்ளே போகப் போகக் கனத்தது.

வளைதசைப் புழுக்களின் அலமாரி. சிவப்பு நாடா கட்டிய ஜாடி அதன் இடத்தில்தான் இருந்தது. மூடி மட்டும் பக்கத்தில் கிடந்தது.

அவள் ஜாடியை மேஜைக்கு எடுத்து வந்து கத்தரியைப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே புழு கிடந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. இடுக்கியால் தூக்கினாள். கனமே இல்லை. காகிதம் போல வெளிச்சம் ஊடுருவியது. அது புழு இல்லை, தோல். முதுகில் நீளமாகப் பிளந்த, உள்ளே ஒன்றுமில்லாத தோல். தலைக்குக் கீழே அந்தத் தோலில் இரண்டு கால்கள் இருந்தன. கணுக் கணுவாக, முழுசாக.

அறுந்ததை மறுபடி வளர்ப்பது புழுவின் குணம். தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பெரிதாவது கணுக்காலிகளின் குணம். இரண்டும் ஒன்றிடமே இருந்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டியவள் அவள்.

அப்போது மின்சாரம் போனது. கார்னிவல் ஒலிபெருக்கிகளைப் போட்டால் ஊரில் வழக்கமாகப் போவதுதான். நெல்சி கைப்பேசியின் வெளிச்சத்தைப் போட்டாள். அடுத்த அலமாரியின் விளிம்பில் இன்னொரு தோல் தொங்கியது. அவள் கை நீளம் இருந்தது. அதற்கும் அப்பால், நட்சத்திர மீன்களின் அலமாரியடியில், மூன்றாவது. அது அவள் உயரம்.

சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று ஈரமாக இழுபட்டது. பிறகு இரண்டு தட்டல். மறுபடி ஓர் இழுவை, இரண்டு தட்டல். பயத்திலும் பழக்கம் விடவில்லை, மனம் கேள்விகளை அடுக்கியது. ஊர்கிறதா, நடக்கிறதா. இரண்டும். உடல் மெத்தென்றதா, ஓடுள்ளதா. இரண்டும். எங்கே இருக்கிறது. வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். அவள் வந்த வழியெல்லாம் உதிர்ந்திருந்த சோள மாவின் மேல் அகலமாக ஒரு தடம், இரண்டு ஓரத்திலும் மயிர் முள் கீறல்கள், முன்னால் ஜோடி ஜோடியாகக் குத்துப் புள்ளிகள். அது அவள் காலடிகளை மிதித்துக்கொண்டே பின்னால் வந்திருந்தது. தடம் மேஜையின் மறுபக்கம் திரும்பியிருந்தது.

கைப்பேசி நழுவியது. கவிழ்ந்து விழுந்தது. இருட்டு.

ஓடினாள். முழங்கை ஒரு ஜாடியில் இடித்தது, அது உடைந்தது. கைகள் கதவைத் தொட்டன. பின்னால், மேஜையின் மேல், இரும்பு உரசியது. கத்தரி. அதை யாரோ எடுக்கிறார்கள்.

கதவு தட்டப்பட்டது. முகத்துக்கு நேரே, மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து.

"டாக்டரம்மா? கரண்டு போச்சு. என்னமோ உடைஞ்ச சத்தம் கேட்டுச்சே. கதவ எதுக்கு உள்ள தாப்பா போட்டிருக்கீங்க?"

விரல் தாழ்ப்பாளில்தான் இருந்தது. திறந்தால் போதும். ஏதெர் டார்ச்சோடு உள்ளே வருவார். காலி ஜாடியைப் பார்ப்பார். தோலில் இருக்கும் கால்களைப் பார்ப்பார், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது பார்ப்பார்கள். கேட்பார்கள். பொகோட்டாவில் ஓஸ்வால்தோவுக்குத் தெரியும். கான்டீனுக்குத் தெரியும். மீன் கடையில் லூஸ் சிரிப்பாள், அம்மா மீன் வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவாள். இதெல்லாம் ஒரு நொடியில் அவள் கண் முன்னால் போனது.

"ஒண்ணுமில்ல ஏதெர்" என்றாள். குரல் நடுங்கக்கூட இல்லை. "காலி ஜாடி கைதவறிடுச்சு. நீங்க போங்க, நான் வந்துடறேன்."

"நெசமாவா?"

"போங்க."

"சரிங்க. பாத்து, கண்ணாடிய மிதிச்சிடாதீங்க." அவர் காலடிகள் நடையில் தேய்ந்தன.

பின்கழுத்தில் குளிர்ச்சியாக ஒரு முனை தொட்டது. அழுத்தவில்லை. மெல்ல முதுகெலும்பின் மேல் இறங்கியது, எலும்பு எலும்பாக நின்று பார்த்தது. உண்டா, இல்லையா. உண்டு. மேலே திரும்பியது. இடது தோள். முழங்கை. மணிக்கட்டு. வலது தோள். முழங்கை. மணிக்கட்டு. ஒவ்வொரு கணுவையும் மடக்கிப் பார்த்தது. அதுவும் உண்டு. மறுபடி முதுகுக்குப் போனது. மறுபடி கைகளுக்கு வந்தது.

தயங்கியது.

அந்தத் தயக்கம் நெல்சிக்குத் தெரியும். அவளுடையதுதான்.

மேஜையடியில் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. தரையிலிருந்து நீல வெளிச்சம் கசிந்து கதவின் மேல் நிழலை எழுப்பியது. வளையம் வளையமாக, கூரை வரைக்கும். அதன் நடுவே, அவள் இடது தோளுக்கு மேல், கத்தரி விரிந்தது.