மூடியைத் திறந்தவள்

பூஞ்சை பிடிக்கவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

வளர்ப்பறையில் குழல்விளக்குகள் ஓயாமல் ரீங்கரிக்க, ஊட்டக் கூழின் இனிப்பு வாடையும் ஸ்பிரிட் நெடியும் மூக்கில் ஏற, மூத்தவள் செடி வளரும் அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன் ஆளில்லாத நேரம் பார்த்து அதன் மூடியைத் திறந்து, முகக்கவசத்தை இறக்கி, உள்ளே துப்பியவள் அவள்தான். தூசி பட்டாலே பூஞ்சை மூடிவிடும் செடி. இதுவோ கொழுகொழுவென்று நின்றது.

பாட்டில் இளையவளுடையது. இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். இந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். அழிந்துவரும் மலை மூலிகை ஒன்றைக் குளிர் நாட்டுக்குப் பழக்க, பதினோரு வருடம் மூத்தவள் குட்டிக்கரணம் போட்டும் ஒன்றும் தேறவில்லை. இளையவள் வந்த இரண்டாம் வருடமே துளிர்த்தது. இது பிழைத்தால் புதுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. வீட்டில் மாமியார் இப்போதே அவளைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பே பற்றவைக்கிறாள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

இலைகளின் நடுவே ஏதோ இருந்தது. இளஞ்சிவப்பாக. ஈரமாக. அவள் எச்சில் விழுங்கினாள். அதுவும் சுருங்கி நீண்டது.

"அக்கா, இங்கயா இருக்கீங்க?" இளையவள் உள்ளே வந்தாள். "வளர்ச்சியப் பாத்தீங்களா? இன்னைக்கே நறுக்கி நாப்பது பாட்டில்ல போடச் சொல்லிட்டாங்க."

"நடுவுல அது என்ன?"

"புதுத் துளிரா இருக்கும். உங்க கண்ணுக்குக் குறை மட்டும் தப்பவே தப்பாது!"

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், வீட்டில் தலைகாட்ட முடியாது. அதைவிட, இவள் ஜெயித்துவிடுவாள். மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

இளையவள் கண்ணாடித் தடுப்பு போட்ட மேஜையில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். கத்தியைச் சுடரில் வாட்டினாள். இடுக்கியால் அதைப் பற்றினாள்.

மூத்தவளின் நாக்கை யாரோ பிடித்து இழுத்தார்கள். அருகில் யாருமில்லை.

"நறுக்கா—"

வெட்டு.

முகக்கவசத்துக்குள் வெதுவெதுவென்று ரத்தம் நிறைந்தது. கத்தினாள். காற்று மட்டும் வந்தது. இன்னொரு வெட்டு. சுவரோடு சரிந்தாள்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?" திரும்பாமலே சிரித்தாள் இளையவள். "பொறாமையா?"

பாட்டில்கள் ஒவ்வொன்றாக அடுக்கில் ஏறின. மூன்று. ஏழு. பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிவந்த துண்டு, மெல்ல நிமிர்ந்து, கண்ணாடியை உள்ளிருந்து நக்கிக்கொண்டிருந்தது.