சூடு ஆறாத லேப்டாப்

அணைத்து வைத்திருந்த லேப்டாப் சூடாக இருந்தது.

வேலை முடிந்து வந்தவன், சாப்பிட இடம் வேண்டுமே என்று அதை மேஜையோரம் நகர்த்தத்தான் கையை வைத்தான். மூடி சாத்தியிருந்தது, விளக்கு எதுவும் எரியவில்லை, சார்ஜர் வயர் சுருட்டியபடி அலமாரியில் கிடந்தது. ஆனாலும் அடிப்பக்கத்தில் ஓர் இளஞ்சூடு. இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு.

"இதை இப்பதான் அணைச்சியா?"

"மத்தியானமே அணைச்சாச்சுங்க," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். அப்படி நினைப்பது அவனுக்குக் கொஞ்ச நாளாகவே வழக்கமாகியிருந்தது.

ஒரு கம்பெனியின் சர்வர் அறையைப் பராமரிப்பது அவன் வேலை. அங்கே கழித்துக் கட்டிய பழைய லேப்டாப்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு அவளுக்குக் கொடுத்ததும் அவன்தான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு அவள் ரிப்போர்ட்டாக டைப் செய்து கொடுப்பாள். நாள் முழுக்க அவள் காதுக்குள் யாரோ ஓர் ஆணின் குரல். அதையெல்லாம் பெரிதுபடுத்துகிற ஆள் இல்லை தான் என்றுதான் முதலில் நம்பினான். பிறகு ஒரு மாலை, ஹெட்போனைக் கழற்றிவிட்ட பிறகும் அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டான். திரையில் ஒன்றுமில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் அவன் பார்த்த சிரிப்பு. அது எங்கேயோ போய்விட்டது, வயதானால் எல்லோருக்கும் போகிறதுதான் என்று சமாதானமாகியிருந்தான். போகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது.

அவள் குளிக்கப் போனபோது லேப்டாப்பைத் திறந்து துருவினான். மெயில், மெசேஜ், அழைப்பு, ஒன்றும் தேறவில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலில் அதன் வெப்பநிலையைக் கேட்டான். நாற்பது டிகிரிக்கும் கீழே காட்டியது. ஃபேன் நின்றிருந்தது. கைக்குக் கல் போலக் குளிர்ந்து கிடந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். சோப்பு வாசனை வந்தது, கூடவே திரையில் எண்கள் ஏறின. ஐம்பது. ஐம்பத்தெட்டு. ஃபேன் மெல்லச் சுழலத் தொடங்கியது. அவள் நகர்ந்து போனதும் எண்கள் இறங்கின.

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டான். "கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்."

தண்ணீர் வந்தது. எண்கள் ஏறின.

பின்னணியில் எந்த நிரலும் ஓடவில்லை. சிபியு சும்மா இருந்தது. சும்மா இருக்கிற இயந்திரம் எதற்காகச் சூடாக வேண்டும்? அடுத்து வந்த நாட்களில் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தான். திறந்து தூசி தட்டினான், சிபியு மேல் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவினான், எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று ஃபேனுக்குக் கட்டளைக் கோப்பு எழுதினான். அவன் முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் உட்கார்ந்தால் எழுதியது எதையும் அது மதிப்பதில்லை. தன் இஷ்டத்துக்கு வேகமெடுத்தது, தணிந்தது, திரும்ப எடுத்தது. பக்கத்து அறையில் படுத்தபடி அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், சுவருக்கு அந்தப் பக்கம் இருவர் ரகசியம் பேசுவதைக் கேட்பது போல.

மனைவியின் தம்பியிடம் போனில் பேசும்போது வாய் தவறி இதைச் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "மாமா, பொண்டாட்டி லேப்டாப்பைப் பார்த்து வயிறு எரியற ஆளை இப்பதான் பார்க்கறேன். பேசாம புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுங்க."

வாங்கிக் கொடுத்தான். பெட்டியைப் பிரிக்கவே இல்லை அவள்.

"இதுவே போதுங்க. கை பழகிடுச்சு." சொல்லும்போதே அவள் கை மூடியைத் தடவியது. அந்தத் தடவலை அவனுக்குத் தெரியும். அவன் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் பட்டது அது.

விடுமுறை நாள் ஒன்றில், மழை பிடித்துக்கொள்வதற்கு முன் அவள் கடைக்குக் கிளம்பினாள். கதவு சாத்தியதும் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றினான். உள்ளங்கை அளவு கறுப்பு ஃபேன். கேபிளை உருவி, அதைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழையபடி மூடிவைத்தான். ஃபேன் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. நூறு டிகிரியைத் தொட்டதும் தானாக அணைந்துவிடும். திரும்பத் திரும்ப அணைந்தால் அவளே சலித்துப்போய்த் தூக்கிப் போடுவாள்.

நனைந்துகொண்டு வந்தாள். புடவையைக்கூட மாற்றாமல் போய் உட்கார்ந்தாள். அவன் பக்கத்து அறையில் தன் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக அந்த லேப்டாப்புக்குள் நுழைந்து, அதன் எண்களைப் பார்த்தபடி இருந்தான். வெளியே மழை இரைந்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைப் போடத் தோன்றவில்லை.

எழுபது. எண்பத்திரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"என்னங்க," என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "இதை ஏதாவது பண்ணினீங்களா?"

"இல்லையே."

தொண்ணூற்று மூன்று. பிளாஸ்டிக் சுடும் வாசனை. அதோடு ஈரத்துணி காயும் வாசனையும். நாற்காலி நகர்ந்தது. தொண்ணூற்றெட்டு. இதோ, அணையப் போகிறது. முகத்தில் சிரிப்பு வந்ததை அவனே உணர்ந்தான்.

அணையவில்லை.

சத்தம் வந்தது. மெல்லிய, சீரான, காற்றுச் சத்தம்.

சட்டைப் பையைத் தொட்டான். ஃபேன் இருந்தது. அசையவில்லை.

தொண்ணூறு. எண்பத்தேழு. இறங்கியது.

எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். கதவு ஒருக்களித்திருந்தது.

லேப்டாப் மேல் அவள் குனிந்திருந்தாள். அதன் பக்கவாட்டில், காற்றுப் போகும் கம்பி இடுக்கில் உதடுகளைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சத்தில் கன்னங்கள் குழிந்து தெரிந்தன. ஈரக் கூந்தலின் நீர் விசைப்பலகையில் சொட்டியது.

மூச்சு வாங்க நிறுத்துவாள் என்று காத்திருந்தான். தன் மூச்சையும் பிடித்துக்கொண்டான். நெஞ்சு வலித்தது. விட்டான். மறுபடி பிடித்தான். மறுபடி விட்டான்.

அவள் நிறுத்தவில்லை.

ஒரே மூச்சு.

"ஏம்மா." கதவருகில் நின்றே கூப்பிட்டான். "ஏம்மா, போதும்மா. ஃபேனை மாட்டிடறேன்."

பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினாள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் சத்தம் போடாதே என்று காட்டுவது போல. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. விலா எலும்புகள் உள்ளே, இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. காற்று அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. அவளுடைய கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அந்தச் சிரிப்பு.