பன்னிரண்டாவது கை

சிறைச்சாலை மணி ஓய்ந்ததும் மாவு உதைத்தது.

டார்கஸ் பிம் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிசைந்து, ஈரத்துணி போர்த்தி, அடுப்பின் ஓரத்துச் சூட்டில் உப்புவதற்காக வைத்திருந்த ரொட்டி மாவு அது. பதம் பார்க்க உள்ளங்கையை வைத்த இடத்தில், துணிக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக, ஆனால் வேண்டுமென்றே, ஒரு இடி இடித்தது. புளித்த மாவில் குமிழி உடைவது அவளுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான நாளிலிருந்து பிசைகிறாள். குமிழி உடையும். உதைக்காது.

முதலில் எலி என்று நினைத்துத் துணியை விலக்கினாள். மாவு வழுவழுப்பாக, வெள்ளை வெளேரென்று கிடந்தது. பிறகு சந்தேகம் பால்காரன் மேல் போனது, பாலில் எதையாவது கலந்திருப்பான் என்று. டார்கஸுக்கு யார் மேலும் சந்தேகம் வரும். பிரசங்கத்தின் நடுவில் பாதிரியார் கொட்டாவி விட்டால், முந்தின ராத்திரி மனிதர் எங்கே போயிருந்தார் என்று யோசிக்கிறவள். சேணம் தைத்துப் பிழைத்த அவள் புருஷன் நிஜமாகச் சாகவில்லை, இவள் கேள்விகளுக்குப் பயந்துதான் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

ஆனால் அந்த உதை அவள் கைக்குப் புதிதல்ல. மூன்று வாரத்துக்கு முன்னால், கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த அறையில், இதே உள்ளங்கையில் இதே உதை விழுந்தது.

அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. செலினா காட் என்கிற இளம்பெண், புருஷனின் பார்லிக் கஞ்சியில் எலிப்பாஷாணம் கலந்து கொன்றாள் என்று வழக்கு. டார்கஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் முடிந்துகொண்டு போய் முன்வரிசையில் இடம்பிடித்திருந்தாள். நீதிபதி, மரணதண்டனை சொல்லும்போது வைக்கிற கறுப்புத் துணியைத் தன் தலையில் வைத்துத் தூக்கு என்று சொன்னதும், கூண்டிலிருந்து செலினா கம்மிய குரலில் பேசினாள்.

"என் வயித்துல உயிர் இருக்குங்கய்யா."

வயிற்றில் பிள்ளை அசைகிறவளைத் தூக்கில் போடக்கூடாது என்பது சட்டம். அசைகிறதா என்று கைவைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் கல்யாணமான பெண்கள் பன்னிரண்டு பேர். உடனே கோர்ட்டுக் கதவுகளைச் சாத்திவிட்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் விரல்களில் கல்யாண மோதிரம் தேடி, ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டாவதாக எழுப்பியது டார்கஸை. மோதிரத்தைப் பார்த்தார்களே தவிர, பிள்ளை பெற்றவளா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் பெற்றதில்லை. ஒரு மாதம்கூட அவள் வயிற்றில் எதுவும் தங்கியதில்லை. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல அவமானமாக இருந்தது.

அந்த அறையில் நிலக்கரிப் புகையும் ஈரக் கம்பளியின் வீச்சமும் அடித்தன. ஒரு மெழுகுவர்த்திதான் எரிந்தது. மேசைமேல் செலினாவை மல்லாத்திப் படுக்கவைத்திருந்தார்கள். கசாப்புக் கடைக்காரரின் மனைவி ப்ரூடன்ஸ் டாப்பர்தான் பன்னிரண்டு பேருக்கும் தலைவி. ஏழு பெற்றவள், எதிலும் முந்திக்கொள்கிறவள்.

"புருஷனுக்குப் பாஷாணம் வச்ச மகராசிக்குத் தொட்டில் ஆட்டற ஆசை வேற," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கையை வைத்தார்கள், எடுத்தார்கள், தலையை ஆட்டினார்கள். ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல.

கடைசியாக டார்கஸ் வைத்தாள். அந்த வயிறு காய்ச்சல்காரியின் நெற்றிபோலச் சுட்டது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ புரண்டு, மேலே வந்து, அவள் உள்ளங்கையின் நடுவில் உதைத்தது. நின்றது. திரும்பவும் உதைத்தது.

செலினா தலையைத் தூக்கி அவளையே பார்த்தாள். "தெரிஞ்சுதில்லம்மா? இப்பக்கூட உதைச்சுதே. சொல்லுங்கம்மா."

"என்ன டார்கஸ், வாயடைச்சுப் போயிட்ட?" என்றாள் ப்ரூடன்ஸ். "தெரியுதா இல்லையா?"

பிள்ளை அசைவது என்பது இதுதானா? கேட்டால் பிள்ளை சுமந்ததே இல்லாத மலடி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெற்றவர்களின் கைக்குத் தெரியாதது தன் கைக்கு மட்டும் எப்படித் தெரியும்? மூச்சைப் பிடித்து வயிற்றை ஆட்டுகிறாள் வஞ்சகி. புருஷனை ஏமாற்றியவளுக்கு என்னை ஏமாற்றத் தெரியாதா?

"ஒண்ணுமில்ல," என்றாள் டார்கஸ்.

இன்றைக்குக் காலையில் சிறை வாசலில் செலினாவைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். எந்த வேடிக்கையையும் விடாத டார்கஸ் இதற்குப் போகவில்லை. மாவு பிசைந்துகொண்டு மணிச்சத்தத்தைக் கேட்டாள், அவ்வளவுதான்.

மாவைச் சட்டியோடு தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள். கருகிய புளிப்பு நாற்றம் வீட்டை நிறைத்தது. தலை சுற்றி மேசையைப் பிடித்தாள். ஓக் மரப் பலகை அவள் கைக்குக் கீழே உதைத்தது. சுவரைப் பிடித்தாள். சுவர் உதைத்தது. காலில் வந்து உரசிய பூனையைத் தடவப் போனாள். பூனை அவள் கையை மோந்து பார்த்துவிட்டு, முதுகு மயிர் சிலிர்க்க, ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது. எதையும் தொடாமல் இருந்தால் சரியாகப் போய்விடும் என்று நினைத்து, இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் சுருட்டி வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அங்கேதான் தப்பு செய்தாள். கொஞ்ச நேரத்தில் கைகளில் எதுவும் இல்லை.

வயிற்றில் இருந்தது.

பொழுது சாயும்போது அவள் கசாப்புக் கடைக்குப் போனாள். தூக்குப் பார்க்க வந்த கூட்டம் சாராயக் கடைகளில் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. ப்ரூடன்ஸ் பெற்றவள், அனுபவப்பட்டவள், அவள் கைவைத்துப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். இது பிரமை என்று ஆகிவிடும். அன்றைக்கு நடந்ததும் பிரமை என்று ஆகிவிடும். அந்தப் பெண் பொய்க்காரி, தன் கையில் பாவம் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக டார்கஸ் தெருவெல்லாம் தடுமாறிக்கொண்டு நடந்தாள்.

ப்ரூடன்ஸ் பின்கட்டில் பன்றித் தொடைக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற? காலையில உன்னைக் காணவே காணோம். என்ன கூட்டம் தெரியுமா!"

"கையக் கொடு ப்ரூடன்ஸ்."

"எதுக்கு?"

"இங்க வச்சுப் பாரு. ஏதாவது அசையுதான்னு சொல்லு."

ப்ரூடன்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இந்த வயசுலயா? யாருடி அந்தப் புண்ணியவான்?"

சிரித்துக்கொண்டேதான் வைத்தாள், உப்பும் இரத்தமும் ஒட்டியிருந்த அந்தப் பெரிய கையை.

சிரிப்பு நின்றது.

உள்ளே புரண்டது. மேலே வந்தது. ஏப்ரன் துணி தூக்கிக்கொண்டது. டார்கஸ் குனிந்து பார்த்தாள். ப்ரூடன்ஸும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல். சின்னது. பக்கத்தில் இன்னொன்று. ஐந்தும். துணிக்கு அடியிலிருந்தபடியே விரிந்தன. துழாவின. ப்ரூடன்ஸின் கட்டைவிரலைச் சுற்றி மூடிக்கொண்டன.

டார்கஸ் நிமிர்ந்தாள். ப்ரூடன்ஸின் உதடுகள் வெளுத்திருந்தன. கண்கள் எங்கேயும் நிற்காமல் அலைந்தன. அந்த முகத்தை டார்கஸ் பார்த்திருக்கிறாள். அந்த அறையில். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். கையை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அன்றைக்கு இந்த முகம்தான் இருந்தது.

அன்றைக்கு எல்லோர் கைக்கும் தெரிந்திருக்கிறது.

"தெரியுதில்ல?" டார்கஸின் குரல் செலினாவின் குரல்போலக் கம்மியிருந்தது. "சொல்லு ப்ரூடன்ஸ்."

"ஒண்ணுமில்ல."

"பார்த்துச் சொல்லு."

"ஒண்ணுமில்ல, டார்கஸ். ஒண்ணுமே இல்ல," என்று சொல்லிக்கொண்டே ப்ரூடன்ஸ் கையை இழுத்தாள். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அந்தச் சின்ன விரல்கள் விடவில்லை.